ஏழு சீட்டு வண்டி

மார்ச் 3, திங்கள்

சென்னையிலிருந்து பத்மநாபன் சார் காலையிலேயே வீடியோவில் வந்துவிட்டார். அவர்தான் எங்கள் டிவி கம்பெனியில் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தலைவர். கோவை ஆபீஸில் இருக்கும் ஆறு பேருக்கும் அவர் முகத்தைப் பார்த்தாலே பயம். பதினோரு வருடமாக அவருக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதால் எனக்குக் கொஞ்சம் குறைவு.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் பல வருடமாக ஓடும் ஒரு கார் நிகழ்ச்சி. மூன்று ஆண்கள் கார் ஓட்டுகிறார்கள், காரைப் பாழாக்குகிறார்கள், ஒருவரையொருவர் விடாமல் மட்டம் தட்டுகிறார்கள். அதைத் தமிழில் எடுக்க லண்டன்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு எபிசோடு. நன்றாகப் போனால் பன்னிரண்டு. "தமிழுக்கு இது ஆகுமா ஆகாதா, நீ ஒரு கருத்து எழுதிக் குடு கோகிலா" என்றார்.

ஆகாது என்பதுதான் என் கருத்து. நம் ஊரில் கார் என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, நாலு தெரு தள்ளியிருப்பவர்களுக்கும் லட்டு கொடுத்து எடுக்கிற பொருள். அதைப் பள்ளத்தில் உருட்டிவிட்டுச் சிரித்தால் நமக்குச் சிரிப்பு வராது, பாவம் என்றுதான் தோன்றும். அப்புறம் அந்த மட்டம் தட்டுவது. நம் ஊர் டிவியில் மூன்று ஆண்களை உட்கார வைத்தால் முதல் பத்து நிமிடம் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்துவதிலேயே போய்விடும். எங்கே திட்டுவது?

இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் தன்ஷிகாவுக்குத் தலைக்கு ஊற்றும்போதுதான் தோன்றியது. இந்த ஊரில் இரண்டு ஆண்கள் ஊர் பார்க்க ஒருவரையொருவர் கிழிக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மச்சானும் மாப்பிள்ளையும். அந்த முறைக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. லண்டனில் நண்பர்கள் செய்வதை இங்கே சம்பந்தக்காரர்கள் செய்கிறார்கள்.

சீயக்காய் கண்ணில் பட்டுக் குழந்தை கத்தினாள். கவனிக்கவில்லை நான்.

மார்ச் 5, புதன்

தன்ஷிகாவுக்குக் காதுகுத்து ஜூன் 8, ஞாயிறு, குலதெய்வம் கோயிலில் என்று முடிவாகிவிட்டது. அண்ணனுக்குப் போன் செய்தேன். இந்த மூன்று வருடத்தில் எட்டாவது தடவையாக, "எம்மடிலதான உக்காருவா?" என்று கேட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

கணபதியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. என் அண்ணன் வெள்ளிங்கிரி லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் திருமூர்த்தி பழைய கார் வாங்கி விற்கிறவர். இரண்டு பேரும் வாசலில் சந்தித்தால் வீட்டுக்குள் வர அரை மணி நேரம் ஆகும்.

"மாப்ள, வண்டிய வெளிய நிறுத்தீட்டு வந்தீங்களா? பழைய இரும்புக்காரன் வர்ற நேரமுங்க."

"வந்தா உங்க வண்டியத்தானுங்க மச்சான் எடுத்துட்டுப் போவான். எடை எச்சா நிக்கும்."

"எங்குளுது சத்தம் போட்டாலும் போற எடத்துக்குப் போயிருமுங்க. உங்குளுது சத்தமே இல்லாம நடுரோட்டுல நின்னுரும்."

"எங்க கொணம் அப்புடிங்க. பேசாம இருப்போம். உங்கூட்டுப் பொண்ணக் கட்டுனதுல இருந்து பழகிப் போச்சு."

திட்டுவதற்கும் 'ங்க' போடுகிற ஊர் இது. நான் போனில் பதிவு செய்துகொண்டே இருந்தேன். கறிக்குழம்பு தட்டில் ஆறிப் போனது.

சாயங்காலம் எல்லோரும் அண்ணன் வண்டியில் மருதமலை போனோம். வெள்ளை நிறம், டீசல், ஏழு சீட்டு. அண்ணன் கல்யாணமான புதிதில் வாங்கியது. தன்ஷிகா கடைசி வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்ததால் நானும் நங்கையாவும் அவளோடு பின்னால் ஏறினோம். அண்ணன் மனைவி வசந்தாமணியை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். சீட்டு கரகரவென்று சத்தம் போட்டது. கார் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது.

"பன்னெண்டு வருசமாச்சு, இன்னுமா கிழிக்கல?" என்று சிரித்தேன்.

நங்கையா முன்னால் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கொழந்தைக வந்தா பிஸ்கட்டு சிந்தும், பால் கக்கும், அப்பக் கிழிச்சுக்கலாம்னு வெச்சது அம்மிணி. அப்பறம் கிழிக்க மனசே வர்ல. அவரு நாஞ் சிக்கனம் புடிக்கறேன்னு நெனச்சுட்டிருக்காரு. நானுஞ் சொன்னதில்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மலை ஏறும்வரை விடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

லண்டனிலிருந்து வந்திருக்கும் காலின் என்பவருக்குப் போனில் எடுத்ததைப் போட்டுக் காட்டினேன். ஐம்பது வயது இருக்கும், அமைதியான ஆள். ஒன்பது நாடுகளில் இந்த நிகழ்ச்சியை எடுக்கப் பார்த்தாராம். பல இடங்களில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்றார். "எல்லோரும் காரைத்தான் பிரதி எடுக்கிறார்கள். காரில் ஒன்றும் இல்லை. அந்த மூன்று பேருக்கும் நடுவில் இருப்பதை யாரும் பிரதி எடுக்க முடியாது. ஏற்கெனவே அது இருக்கிற ஆட்களைத்தான் தேட வேண்டும்."

பிறகு திரையைக் காட்டி, "இவர்கள் யார்?" என்றார்.

சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கர்வமாக இருந்தது என்பதை இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

மார்ச் 22, சனி

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், இவர் உடனே சரி என்றுவிட்டார். டிவியில் வந்தால் பழைய கார் வியாபாரத்துக்கு நல்லது என்பது அவர் கணக்கு. அண்ணன்தான் நெளிந்தார். டிவியெல்லாம் நமக்கெதற்கு, பட்டறையில் ஆள் சிரிப்பான் என்றார்.

"நாந்தான் எழுதறேண்ணா" என்றேன்.

"நீயா எழுதற? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன." ஒப்பந்தத்தை வாங்கினார். படிக்கச் சொன்னேன். முதல் எபிசோடு, பிடித்தால் இன்னும் பன்னிரண்டு என்று விவரமாக இருக்கிறது. "நீ படிச்சுட்டயல்ல?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது ஆளாகச் சென்னையிலிருந்து லாரன்ஸ் என்று ஒருவர் வருகிறார். முன்பு ரேஸ் ஓட்டியவர். இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது அவர் வேலை.

ஏப்ரல் 7, திங்கள்

ஸ்கிரிப்ட் மூன்றாவது தடவை திரும்பி வந்திருக்கிறது. இங்கிலீஷில் மொழிபெயர்த்து அனுப்பினால் காலின் ஒரே ஒரு குறிப்பு எழுதுகிறார்: ரொம்ப அன்பாக இருக்கிறது. ஒரு இடத்திலாவது கொஞ்சம் வலிக்க வேண்டும், அப்போதுதான் மற்றதெல்லாம் சிரிப்பு என்று தெரியும்.

அவர் சொல்வதும் சரிதான். பழைய இரும்புக்காரனை வைத்து எத்தனை பக்கம் ஓட்டுவது?

தலை சீவிக்கொள்ளாமல், பல் விளக்காமல் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு வரி கிடைத்தது. கிடைத்த வேகத்தில் எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் காலினிடமிருந்து பதில்: இதுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்று அனுப்பியதில் ஒன்றை மாற்றலாமா என்று தோன்றியது. நேரமில்லை. தோசை மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்திருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் மைதானத்தில் ஷூட்டிங். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆபீஸ் ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று இருநூறு பேர் பார்வையாளர்கள்.

அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். முதலில் கேமரா பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் காதில் ஏதோ சொன்னார், அதற்குப் பிறகு இரண்டு பேரும் கேமராவையே மறந்துவிட்டார்கள். அண்ணன் வண்டியும் இவர் வண்டியும் போட்டி போட்டன. இவர் வண்டி மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. அண்ணன் திரும்பி வந்து, கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கறீங்களா மாப்ள, எடமிருக்குதுங்க" என்றார். இது ஸ்கிரிப்டிலேயே இல்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அதற்குப் பதிலடியாக இவர், அண்ணன் வண்டியைப் பற்றிய அந்த வரியைச் சொன்னார். கூட்டம் இன்னும் சிரித்தது. தமிழ் தெரியாத காலின்கூடச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார், எல்லோரும் முடித்த பிறகு.

பேக்கப் சொன்னதும் அண்ணன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். பட்டறையில் லோடு வருகிறதாம்.

ஏப்ரல் 19, சனி

அண்ணன் போன் எடுக்கவில்லை. நங்கையா எடுத்து, குளிக்கிறார் என்றார். சரி, குளிக்கட்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

எடிட்டிங். மூன்று நிமிடம் நீளமாக இருந்தது. எதைத் தூக்கலாம் என்று எடிட்டர் கேட்டார். லாரன்ஸ் டயர் மாற்றும் காட்சியைத் தூக்கினோம், ரிப்பன் வெட்டுவதைத் தூக்கினோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

தன்ஷிகாவுக்குப் பட்டுப்பாவாடை எடுக்க வேண்டும். மாம்பழ மஞ்சள் வேண்டுமாம், மகாராணிக்கு.

மே 4, ஞாயிறு

ஒளிபரப்பு. மாமியார், நாத்தனார் குடும்பம், மாடி வீட்டுக்காரர்கள் என்று ஹாலில் உட்கார இடமில்லை. அண்ணன் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடம் வந்தது. டிவியில் இவர் அண்ணனுடைய வண்டியைத் தட்டிக்கொண்டு சொல்கிறார்: "எடத்துக்கென்ன கொறைச்சலுங்க. ஏழு சீட்டு வண்டி வாங்கிப் பன்னெண்டு வருசமா ரெண்டே பேர் போறாங்க. பின்னால பிளாஸ்டிக் கவருகூடக் கிழிக்கல. யாரோ வர்றாங்கன்னு வெச்சிருக்காங்களாமுங்க."

டிவியில் இருநூறு பேர் சிரித்தார்கள். எங்கள் ஹாலில் மாடி வீட்டுப் பையன் மட்டும் சிரித்தான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினார்.

விளம்பர இடைவேளையில் மாமியார் கேட்டார். "ஏண்டா மூர்த்தி, அந்த வசந்தாமணி மனசு என்ன பாடுபடும்? உனக்கு வாயில நல்லதே வராதா?"

"நீங்க வேற அத்தை. அங்க வெயில்ல நின்னுட்டு என்னத்தையோ சொல்லீட்டாரு" என்று நான்தான் சொன்னேன். இவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

மே 8, வியாழன்

ரேட்டிங் வந்தது. கம்பெனியில் இந்த வருடத்தின் முதல் இடம். பத்மநாபன் சார் கேக் அனுப்பியிருக்கிறார். என் பெயரைக் கேக்கில் தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள்.

மே 9, வெள்ளி

அந்த இடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் எல்லோரும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கே நான்கு குழுக்களில் வந்தது. ஒன்று எங்கள் சொந்தக்காரர்கள் குழு. யாரோ அதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை போட்டு, பிறகு அழித்திருக்கிறார்கள். அழித்தது தெரிகிறது. யார் என்றும் தெரிகிறது.

மே 11, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனோம். வீடு வந்ததும் இவர், "நானே பேசிக்கறேன், நீ குறுக்க வராத" என்றார்.

அண்ணன் வாசலுக்கு வந்து வரவேற்றார். "வாங்க மாப்ள. வெயிலுங்க, உள்ள வாங்க." அவ்வளவுதான். எங்கள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமான ஒன்பது வருடத்தில் நாங்கள் அந்த வாசலை இரண்டு நிமிடத்தில் தாண்டியது இதுதான் முதல் தடவை.

"நாந்தானுங்க மச்சான்" என்று இவர் ஆரம்பித்தார். "வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன். புத்தி கெட்டுப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

"அட, டிவின்னா அப்புடித்தானுங்க. நானொண்ணும் மனசுல வெச்சுக்கல. காப்பி ஆறுதுங்க, குடிங்க."

இவர் குடித்தார். நான் சமையலறைக்குப் போனேன். நங்கையா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மாப்பிள்ளை மேல பழி போட்டுட்டயா கோகிலா?"

நான் துருவல் தட்டை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"எங்கொழந்தைக வெசயத்த நா உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். எங்கம்மாகிட்டச் சொல்லல. அவருகிட்டச் சொல்லல. சூட்டிங் முடிஞ்சு வந்து, அதுக்கா நீ வெச்சிருந்தேன்னு கேட்டாரு. ஆமான்னேன். பிளேடு எடுத்துட்டுப் போயி மூணு வரிசையுங் கிழிச்சுப் போட்டாரு."

"அண்ணன் எங்கிட்டச் சொல்லியிருந்தா அப்பவே எடுத்திருப்பனே நங்கையா. பதினெட்டு நாள் இருந்துதே."

"நாஞ் சொன்னேன். அம்மிணிகிட்டச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கன்னு. அவ பொழப்பு அது, அவளே எடுத்துருவா பாருன்னாரு. நாலாந்தேதி வரைக்கும் பாத்தாரு."

தேங்காய் மூடியை வைத்துவிட்டுக் கை கழுவினார். அடுப்பில் என் பங்குக்கும் சேர்த்துத்தான் சோறு வெந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். பாதியில் இலையை மூடும் தைரியம் எனக்கு இல்லை.

மே 12, திங்கள்

நான்தான் எழுதினேன். எழுதி வைத்துவிடுகிறேன், இந்த நோட்டிலாவது இருக்கட்டும். படித்துப் பார்க்கும்போதே இவர், "இது வேணுமா கோகிலா?" என்று கேட்டார். காலின் ஓகே பண்ணியாச்சு என்றேன். எடிட்டிங்கில் எடிட்டர் அந்த இடத்தில் நிறுத்தி, "இது இருக்கட்டுமா மேடம்?" என்றார். இருக்கட்டும் என்றேன். நங்கையாவின் கையைப் பிடித்திருந்த அதே கையால் எழுதினேன். விளையாட்டு வினையாகிவிட்டது என்று யாராவது ஆறுதல் சொன்னால் அவர்களை அறைவேன். எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை, நல்ல வரியாக இருந்தது.

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் கேலி செய்ய உரிமை உண்டு. அது அவர்களுடைய உரிமை. எனக்கு யார் கொடுத்தது?

மே 20, செவ்வாய்

மாமியார் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டே, "உங்கண்ணன் வருவாரோ மாட்டாரோ. உங்க பெரியப்பன் மகன் ஒருத்தன் இருக்கானல்ல, அவனும் மாமன் முறைதான. அவன் மடில வெச்சுட்டாப் போச்சு" என்றார்.

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். "மச்சான் மடில உக்காந்தாத்தான் எம்புள்ளைக்குக் காது குத்தறது. இல்லீன்னா அவ காது அப்படியே இருக்கட்டும்."

என்னோடு இவர் பேசி ஒன்பது நாள் ஆகிறது. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். இருந்தாலும் எனக்காகச் சொன்ன மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வந்தார்.

ஏழு மணிக்கே வந்துவிட்டார். பதினொரு தட்டுச் சீர். பழம், வெல்லம், பட்டு, வெள்ளிக் கொலுசு, மூன்று வருடத்துக்கு முன்பே வாங்கி வைத்த தோடு. ஒரு குறை சொல்ல முடியாது. நங்கையா வரவில்லை. கால் வலியாம்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் அலறினாள். அண்ணன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்தி, "ஆச்சு சாமி, ஆச்சு கண்ணு, மாமன் இருக்கறனல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எல்லா மாமனுக்கும் கலங்கும்தான். ஆனால் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அந்த வேடிக்கையைக் காட்டிக் கொடுத்தவள் நான்.

இரண்டாவது காதும் முடிந்த பிறகு அண்ணன் பிள்ளையை இறக்காமல் பிடித்திருந்தார். இவர் பக்கத்தில் போய்க் குனிந்து, பழைய குரலில் சொன்னார். "விடுங்க மச்சான். புடி என்னமோ இந்த இறுக்கு இறுக்கறீங்க, உங்க வண்டி பிரேக்குக்கு இதுல பாதி இருந்தா எத்தன நல்லா இருக்கும்."

நான் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை. பழைய இரும்பு, நடுரோடு, ஏதாவது ஒன்று.

"ஆமாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு அண்ணன் பிள்ளையை என்னிடம் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது வண்டி வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, அது அவரு சொன்னதில்ல. நான் எழுதுனது."

"தெரியும்."

"என்னத் திட்டுங்கண்ணா. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க."

"எதுக்கு? நல்லாத்தான இருந்துச்சு கோகிலா. எல்லாருஞ் சிரிச்சாங்களே." கதவைத் திறந்தார். "வெயில்ல நிக்காத. புள்ளைக்குக் காதுல தேங்கா எண்ணெ வெச்சு உடு."

அப்பா இறந்த அன்றுகூட என் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மிணிதான். வண்டி போனதும் கோயில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளைக்கு வலிக்கிறதே என்று அழுகிறேன் என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் சமாதானம் செய்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

மார்ச்சில் கேட்ட கருத்தை இன்று எழுதி அனுப்பினேன். ஒரு பக்கம்தான். இந்த நிகழ்ச்சியைத் தமிழில் எடுக்கக்கூடாது. வேறு எந்த ஊரிலும் எடுக்கக்கூடாது. எங்கே எடுத்தாலும் உண்மையான மூன்று பேரைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு நடுவில் இருப்பதைத்தான் எரித்துக் காட்ட வேண்டியிருக்கும். அது தீர்ந்து போகிற பொருள்.

பத்மநாபன் சார் போனில் சிரித்தார். "ரேட்டிங் வர்றதுக்கு முன்னாடி இத அனுப்பியிருந்தா படிச்சிருப்பேம்மா. பன்னெண்டு எபிசோடும் கன்பார்ம் ஆயிருச்சு. உங்க அண்ணனக் கூட்டிட்டு வர்றது உன் பொறுப்பு."

காலின் தனியாக ஒரு மெயில் போட்டிருந்தார். அந்த வரியில் இருப்பது அண்ணன் வீட்டு நிஜம் என்று இப்போதுதான் ஒருவர் விளக்கினாராம். மன்னிப்புக் கேட்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை என்று பதில் எழுதினேன். வலிக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார், யாருக்கு என்று தேர்ந்தெடுத்தது நான்.

ஜூன் 16, திங்கள்

பட்டறைக்குப் போனேன். லேத்துச் சத்தத்தில் நின்றுகொண்டே பேசினோம். வராவிட்டால் பரவாயில்லை, நான் வேலையை விட்டுவிடுகிறேன், கம்பெனியில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டது நானு. போட்டுட்டு வரமாட்டேங்கறது நம்ம வழக்கமில்ல. என்னைக்குன்னு மட்டுஞ் சொல்லு, வந்தர்றேன்."

டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 2, புதன்

பன்னிரண்டில் முதல் எபிசோடு ஷூட்டிங். அண்ணன் தன் வசனம் அத்தனையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர், ஒரு எழுத்து மாறவில்லை.

இந்தத் தடவை இவர் திட்டுவதைக் குறைத்து, அண்ணன் திட்டுவதாகவே எழுதியிருந்தேன். கேமரா ஓட ஆரம்பித்ததும் அண்ணன் இவர் தோளில் கையைப் போட்டார். "மாப்ள, இந்த வண்டிய நம்பி எந்தங்கச்சியக் கூட்டிட்டுப் போறீங்களே, உங்க தகிரியத்துக்கு ஒரு கோயில் கட்டோணுமுங்க" என்றார். அதே குரல், அதே இழுப்பு. இவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், எனக்கு வித்தியாசம் தெரியும். மானிட்டருக்குப் பின்னால் நின்று நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். லாரன்ஸ் எனக்குக் கர்ச்சீப் கொடுத்தார்.

டைரக்டர் கட் சொன்னார். அண்ணன் கையை எடுத்தார். "தண்ணி வேணுங்களா மாப்ள?" என்று கேட்டு, வேண்டாம் என்றதும் தள்ளிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அங்கேயே நின்றார், தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

ஜூலை 5, சனி

தன்ஷிகாவுக்குக் காது ஆறிவிட்டது. எண்ணெய் நிறுத்தியாயிற்று.

இரண்டாவது எபிசோடின் ஸ்கிரிப்ட் பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது. அதில் ஏழு பக்கம் அண்ணனும் இவரும் பேசிக்கொள்வது. டைரக்டர் போன் செய்து, நீளம் மேடம், ஷூட் பண்ணினாலும் எடிட்டில் பாதி போய்விடும் என்றார். போனால் போகட்டும், ஷூட் பண்ணுங்கள் என்றேன்.

நான் எழுதிக் கொடுக்காத ஒரு கேலியையும் அண்ணன் இப்போது இவரிடம் பேசுவதில்லை. அதனால் நிறைய எழுதுகிறேன்.